காமிக்ஸும் ஸீனும்: ஆய்வு முறையா, ஆய்வுக்கு அலங்காரமா?

பிப்ரவரி 4, தொடக்கக் கேள்வி (ஒரு நண்பர் கேட்டது)

ஆய்வை முடித்துவிட்டு, முடிவுகளை எல்லாருக்கும் புரியும்படி காமிக்ஸாகப் போடுவதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் வரைவதையே ஓர் ஆய்வு முறை என்கிறார்களே, அதுதான் பிடிபடவில்லை. நேர்காணல் ஒரு முறை. கணக்கெடுப்பு ஒரு முறை. வரைவது ஆய்வுக்கு அலங்காரம்தானே, அதனால் புதிதாக என்ன தெரிந்துவிடும்? ஏற்கெனவே தெரிந்ததைத்தானே வரைய முடியும்?

பிப்ரவரி 4, இரவு

கடைசி வரியை மட்டும் மறுக்கிறேன். தெரியாததை எழுத்தில் மழுப்பிவிட்டுப் போய்விடலாம். வரையும்போது மழுப்ப இடம் கிடைப்பதில்லை.

என் முனைவர் பட்ட ஆய்வு, மருத்துவமனை வார்டுகளில் இரவு ஷிப்டு பார்க்கும் உதவிப் பணியாளர்களின் தூக்கத்தைப் பற்றியது. தரை துடைப்பவர்கள், படுக்கை விரிப்பு மாற்றுபவர்கள், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர்கள் என்று 21 பேரிடம் பேசினேன். அவர்களில் ஓர் அக்கா, "மூணு மணிக்கு மேல கொஞ்சம் உட்காருவேன் தம்பி" என்றார். ஒலிப்பதிவைக் கேட்டு அப்படியே எழுதினேன். பக்க ஓரத்தில் 'ஓய்வு' என்று குறித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

ஐந்து மாதம் கழித்து அந்த வரியை ஒரு கட்டமாக வரைய உட்கார்ந்தேன். அக்காவை உட்கார்ந்த வாக்கில் வரைந்தாயிற்று. எதன்மேல் உட்கார்ந்திருக்கிறார்? ஒரு நாற்காலியைப் போட்டேன். முதுகுக்குப் பின்னால் சுவரா, ஜன்னலா? தெரியவில்லை. சுவர் என்று வைத்துக்கொண்டேன். அந்தப் பென்சில் படத்தை அவரிடம் எடுத்துப் போய்க் காட்டியபோது அவர் முதலில் கேட்டது: "இது யாரோட நாற்காலி?"

அவர்களுக்கு நாற்காலியே கிடையாது. வார்டில் இருக்கும் நாற்காலிகள் நர்ஸுகளுக்கும் நோயாளியுடன் தங்குபவர்களுக்கும். அவர் உட்காருவது கண்ணில் படாத ஒரு மூலையில், அழுக்கு விரிப்புகளைக் கட்டி வைத்திருக்கும் மூட்டைமேல். நான் 'ஓய்வு' என்று எழுதி வைத்திருந்தது, யாரும் கொடுக்காமல் ஒளிந்து எடுத்துக்கொள்ளப்பட்ட பத்து நிமிடம்.

திரும்பப் போய் 21 நேர்காணலையும் புரட்டினேன். 14 பேர் 'உட்கார்ந்தேன்', 'சாய்ந்தேன்' என்று சொல்லியிருந்தார்கள். எங்கே என்று ஒருவரிடமும் நான் கேட்டிருக்கவில்லை. ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் இந்த நாற்காலியிலிருந்து வந்தது. ஏற்கெனவே தெரிந்ததை நான் வரையவில்லை. தப்பாக வரைந்தேன், அதனால் தெரிந்தது.

பிப்ரவரி 5

"எங்கே உட்காருவீர்கள் என்று நேர்காணலிலேயே கேட்டிருக்கலாமே, அதற்குப் பென்சில் எதற்கு?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நெறியாளரும் அந்தப் பக்கங்களைப் படித்தார், அவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. 'உட்கார்ந்தேன்' என்பது முழுமையான வாக்கியம், அதில் ஓட்டை தெரியாது. படத்தில் இடுப்புக்குக் கீழே காகிதம் வெள்ளையாகக் கிடக்கும், கண்ணை உறுத்தும்.

போர்ப் பகுதிகளிலிருந்து காமிக்ஸ் வடிவில் செய்தி எழுதும் ஜோ சாக்கோ, தான் நேர்காணலின்போதே காட்சிக் கேள்விகள் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். தெரு எப்படி இருந்தது, என்ன உடுத்தியிருந்தீர்கள், யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்ற மாதிரி. எழுத்து நிருபருக்கு இவை தேவைப்படாமல் போகலாம். வரைகிறவருக்கு இவை இல்லாமல் ஒரு கட்டம்கூட நகராது. வரையப் போகிறோம் என்ற நினைப்பே கேள்விப் பட்டியலை மாற்றிவிடும். இன்றைக்கு நான் ஒரு நேர்காணலுக்குப் போனால் இதை முதல் நாளிலேயே செய்வேன்.

பிப்ரவரி 7

தலைப்பில் இருக்கும் ஸீன் (zine) என்ற சொல் பற்றி. கையால் செய்து, படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கும் சின்ன இதழ் அது. 'ஜீன்' என்று எழுதினால் மரபணு. 'ஸைன்' என்றால் கணக்குப் பாடம். 'ஸீன்' என்றால் சினிமா காட்சி. இருப்பதில் ஸீன் தேவலாம் என்று அதையே வைத்துக்கொள்கிறேன். 1940இல் ஓர் அறிவியல் புனைவு ரசிகர் 'ஃபேன்ஸீன்' என்ற சொல்லை உண்டாக்கினார், அதன் வால்தான் இது. அப்புறம் 1970களில் பங்க் இசைக்காரர்கள், 1990களில் 'ரயட் கேர்ல்' என்ற பெண்ணிய பங்க் இயக்கத்தின் பெண்கள் என்று கை மாறிக்கொண்டே வந்தது. கத்தரிக்கோல், பசை, ஜெராக்ஸ் எந்திரம், அவ்வளவுதான் அச்சகம்.

சிற்றிதழ் என்று சொல்லலாமே என்றார் ஒருவர். சிற்றிதழுக்கு ஆசிரியர் உண்டு, சந்தா உண்டு, அடுத்த இதழ் வரும் என்ற எதிர்பார்ப்பு உண்டு. ஸீன் ஒரே ஒரு முறை வந்துவிட்டு நின்றுபோகலாம். நம்மிடம் இருக்கும் சொற்களில் 'கையெழுத்துப் பத்திரிகை'தான் மிக அருகில் வருகிறது. ஆனால் கையெழுத்துப் பத்திரிகை ஒரே படி. வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். யாரிடம் இருக்கிறது என்று எப்போதும் தெரியும். ஸீன் படியெடுக்கப்பட்டு எங்கேயோ போய்விடும். ஆய்வு நெறிமுறை என்று பார்த்தால் இந்த வித்தியாசம் சின்னதல்ல. அதைப் பிறகு எழுதுகிறேன்.

பிப்ரவரி 11

"பல்கலைக்கழகத்தில் ஏற்பார்களா?" இதைத் தனிச் செய்தியிலும் மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜில் நிக் சூசானிஸ் தன் கல்வியியல் ஆய்வேட்டை முழுக்க முழுக்கக் காமிக்ஸாகவே 2015இல் சமர்ப்பித்தார். அது 'அன்ஃபிளாட்டனிங்' என்ற பெயரில் ஹார்வர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் நூலாக வந்தது. டொரொன்டோ பல்கலைக்கழக அச்சகம் மானுடவியல் ஆய்வுகளைக் காமிக்ஸ் வடிவில் கொண்டுவர ஒரு வரிசையே தொடங்கியது. அதன் முதல் நூல் 2017இல் வந்த 'லிஸ்ஸா'. எகிப்தில் உறுப்பு மாற்றுச் சிகிச்சையை ஆராய்ந்த ஒருவரும், அமெரிக்காவில் மரபுவழி மார்பகப் புற்றுநோயை ஆராய்ந்த ஒருவரும் தங்கள் களப்பணியைச் சேர்த்து, இரண்டு கற்பனைத் தோழிகளின் கதையாக்கினார்கள். மருத்துவத்தில் இன்னும் முன்னாலேயே ஆரம்பித்தாயிற்று. இயன் வில்லியம்ஸ் என்ற மருத்துவர் நோயையும் மருத்துவத்தையும் பற்றிய காமிக்ஸுக்கு 2007இல் 'கிராஃபிக் மெடிசின்' என்ற பெயரை வைத்தார், அவரே காமிக்ஸும் வரைகிறவர்.

ஆனால் இந்தப் பெயர்களைக் காட்டி உங்கள் துறையில் வாதாடாதீர்கள் என்றுதான் சொல்வேன். "அவர் செய்தார், நானும் செய்கிறேன்" என்பது முறையியல் அத்தியாயத்தில் நிற்காது. உங்கள் கேள்விக்கு வரைவது ஏன் தேவை என்பதுதான் நிற்கும். என் நெறியாளரை மசிய வைத்தது அந்த நாற்காலிப் படமும் அதற்குக் கீழே அக்கா சொன்ன பதிலும் மட்டும்தான். ஒரே ஒரு தாள்.

பிப்ரவரி 12

திருத்தம். 2015 என்பது நூல் வெளிவந்த ஆண்டு. சூசானிஸின் ஆய்வேடு 2014. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி.

பிப்ரவரி 16

கேள்வி கேட்ட நண்பருக்கு ஒரு விஷயத்தில் நான் நியாயம் செய்யவில்லை. இரண்டு வாரமாக மனதில் கிடக்கிறது.

அலங்காரம் என்று அவர் சொன்னது என் ஆய்வேட்டின் முதல் 12 பக்கங்களுக்கு அப்படியே பொருந்தும். அவற்றில் இரண்டு பேர் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறார்கள். குமிழிக்குள் கோட்பாடு. அடுத்த கட்டத்தில் கோணம் கொஞ்சம் மாறுகிறது, குமிழிக்குள் இன்னும் கொஞ்சம் கோட்பாடு. படத்தை எடுத்துவிட்டு வசனத்தை மட்டும் படித்தால் ஒன்றுமே குறையாது. அவற்றை வரைய எனக்கு நான்கு மாதம் பிடித்தது. நெறியாளர் படித்துவிட்டு, "கையால் மூடிக்கொண்டு படித்தேன், நன்றாகப் புரிந்தது" என்றார். அன்றைக்கு வருத்தமாக இருந்தது. இப்போது மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் சோதனை அதுதான். படத்தைக் கையால் மூடுங்கள். வாதத்தில் ஏதாவது விழுகிறதா? விழவில்லை என்றால் அந்தப் பக்கத்தை எழுத்திலேயே எழுதிவிடலாம், தப்பே இல்லை. என் ஆய்வேட்டில் அந்த 12 பக்கமும் கடைசியில் ஆறு பத்தி உரைநடையாகி முடிந்தன.

ஆகவே காமிக்ஸ் என்றாலே முறை என்று நான் சொல்லவில்லை. வரையும் வேலை உங்கள் சான்றுகளை ஏதாவது செய்ய வேண்டும்: கலைக்க வேண்டும், கேள்வி எழுப்ப வேண்டும், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவிட வேண்டும். அப்போதுதான் அது முறை.

பிப்ரவரி 19

'பக்கத்தில் பக்கத்தில்' என்பதற்கு ஓர் உதாரணம் கேட்டார்கள். இதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். என் ஆய்வில் எனக்கு மிக முக்கியமானது இதுதான்.

காமிக்ஸில் இடம்தான் நேரம். காமிக்ஸ் கலைஞர் ஸ்காட் மெக்லவுட் 1993லேயே இதை விரிவாகச் சொல்லிவிட்டார்: ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குக் கண் நகர்வதே நேரம் நகர்வது. ஆனால் சினிமாபோல முந்தைய நொடி மறைந்துவிடாது. முழுப் பக்கமும் ஒரே பார்வையில் விழும், அப்புறம் வரிசையாகவும் படிக்கலாம். இரவு ஷிப்டைப் பற்றி யோசிக்கிறவருக்கு இது பெரிய வசதி.

மாலை 7 முதல் காலை 7 வரை 12 மணி நேரம். ஒரு தாளில் 12 கட்டம் போட்டேன், மணிக்கு ஒன்று. நேர்காணலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவருடைய இரவையும் இந்த 12 கட்டத்தில் வரைந்தேன். கலை நயம் எல்லாம் இல்லை, குச்சி மனிதர்கள்தான். கண் மூடிய நேரத்துக்குக் கட்டத்தின் அந்த அளவு பாகத்தைக் கறுப்பாக்கினேன். 21 தாளையும் சுவரில் ஒட்டிவிட்டு எட்டி நின்று பார்த்தேன்.

கறுப்புத் துண்டுகள் பெரும்பாலும் மூன்றை ஒட்டி இருந்தன, மேற்பார்வையாளரின் சுற்று முடிந்த பிறகு. அது எதிர்பார்த்ததே. எதிர்பாராதது அடுத்த கட்டம். நான்கிலிருந்து ஐந்து வரையிலான கட்டம் 16 தாளில் வெள்ளையாக இருந்தது. தூக்கமும் இல்லை, வேலையும் இல்லை. எல்லாரும் மூன்றரையைப் பற்றிச் சொல்கிறார்கள், அப்புறம் "அஞ்சு மணிக்கு பால் வந்துடும்" என்று தாவிவிடுகிறார்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தபோது அந்தத் தாவல் காதில் விழவே இல்லை. பேச்சில் இரண்டு வாக்கியம் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. சுவரில் 16 வெள்ளைக் கட்டம் ஒரே நெடுக்கில் நின்றது.

திரும்பப் போய்க் கேட்டேன். சிலர் சிரித்து மழுப்பினார்கள். ஓர் அண்ணன்தான் சொன்னார்: இரவில் இறந்தவர்களைப் பிணவறைக்குக் கொண்டுபோவது அந்த நேரத்தில்தான், பார்வையாளர்கள் வருவதற்கு முன்னால். "அதை எதுக்கு சொல்லணும்னு விட்டேன்" என்றார்.

அந்தக் கட்டத்தை எப்படி வரைவது என்று பல நாள் யோசித்தேன். கடைசியில் ஆய்வேட்டில் வெள்ளையாகவே விட்டேன். பக்கத்துக்குக் கீழே ஒரே வரி எழுத்து.

பிப்ரவரி 20

"12 கட்டம் என்பது ஓர் அட்டவணைதானே, காமிக்ஸ் என்று ஏன் பெயர்?" நல்ல கேள்வி. அட்டவணைக்கு அது நெருங்கிய சொந்தம், மறுக்கவில்லை. ஆனால் அட்டவணை போட்டிருந்தால் தூங்கிய நேரம், எழுந்த நேரம் என்று நான் கேட்ட விஷயங்களுக்கு மட்டும் பத்தி பிரித்திருப்பேன். நான்கு மணிக்கு ஒரு பத்தி வந்திருக்காது. வரையும்போது ஒவ்வொரு மணிக்கும் ஓர் ஆளை எங்கேயாவது நிற்க வைத்தாக வேண்டும். நிற்க வைக்க இடம் தெரியாதபோதுதான் வெள்ளை விழுந்தது. பிப்ரவரி 4இல் எழுதிய நாற்காலி விஷயம்தான் இதுவும், ஆள் எண்ணிக்கை மட்டும் அதிகம்.

பிப்ரவரி 26

"வரைந்தது கற்பனைதானே, சான்றாகுமா?" வரலாற்றுத் துறை நண்பர் ஒருவரின் கேள்வி.

இந்தக் குழப்பம் பழையது. ஆர்ட் ஸ்பீகல்மன் ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமில் தன் தந்தை பட்ட அனுபவத்தை ஒலிநாடாவில் பதிவுசெய்து வரைந்த 'மௌஸ்' நூலின் இரண்டாம் பாகத்தை நியூயார்க் டைம்ஸ் 1991இல் அதிகம் விற்கும் நூல்களின் புனைகதைப் பட்டியலில் வைத்தது. அவர் கடிதம் எழுதிய பிறகு புனைகதை அல்லாதவற்றின் பட்டியலுக்கு மாற்றினார்கள். யூதர்களை எலிகளாகவும் ஜெர்மானியர்களைப் பூனைகளாகவும் வரைந்திருக்கும் ஒரு நூல் எந்தப் பட்டியலில் வரும் என்பது வேடிக்கையான கேள்வி இல்லை, சான்று என்றால் என்ன என்ற கேள்வி.

அந்த நூலில் ஓர் இடம் உண்டு. முகாமின் வாசலில் கைதிகளைக் கொண்டு ஓர் இசைக்குழு வாசிக்க வைத்தார்கள் என்பது ஆவணங்களில் இருக்கிறது. மகன் அதைப் பற்றிக் கேட்கிறார். அணிவகுத்துப் போனது மட்டும்தான் நினைவிருக்கிறது, இசைக்குழு எதையும் பார்க்கவில்லை என்கிறார் தந்தை. ஸ்பீகல்மன் என்ன செய்கிறார்? முதலில் இசைக்குழுவை வரைகிறார். தந்தை மறுத்த பிறகு வரும் கட்டத்தில் நடந்துபோகும் கைதிகள் இசைக்குழுவை மறைத்துக்கொண்டு போகிறார்கள், இடுக்கில் வாத்தியங்களின் நுனி மட்டும் தெரிகிறது. ஆவணமும் இருக்கிறது, தந்தையின் நினைவும் இருக்கிறது, இரண்டும் மோதுவதும் இருக்கிறது. எழுத்தில் இதற்கு ஓர் அடிக்குறிப்பு வேண்டும். அவர் அதை அணிவகுப்பைக் கொண்டே சொல்லிவிட்டார்.

என் ஆய்வில் நான் வைத்துக்கொண்ட விதி இது. பங்கேற்பாளர் பார்த்துச் சரி என்று சொன்ன கோடுகள் மையில். நானாக ஊகித்த கோடுகள் பென்சில் அடர்த்தியில், சாம்பல் நிறத்தில். முதல் பக்கத்திலேயே இதை எழுதிவிட்டேன். தேர்வாளர்களில் ஒருவர் வாய்மொழித் தேர்வில், "எழுத்து ஆய்வேடுகளில் ஊகத்தை இப்படி நிறம் மாற்றிக் காட்டுவதில்லையே" என்றார். பாராட்டா, கேள்வியா என்று அப்போது புரியவில்லை. இரண்டுமாகத்தான் இருக்க வேண்டும்.

மார்ச் 3

ஸீன் பக்கம் வருகிறேன். மேலே எழுதியதெல்லாம் நான் வரைந்தது. ஸீனில் அவர்களே செய்வார்கள். இது வேறு வகை வேலை.

21 பேரில் ஒன்பது பேர் வந்தார்கள். ஷிப்டு முடிந்த பிறகு, தூக்கக் கலக்கத்தோடு. "எனக்கு வரைய வராது" என்பதுதான் எல்லாருடைய முதல் வாக்கியம். இதற்கு வரைகலை ஆசிரியர்கள் பலரும் செய்யும் பயிற்சி ஒன்று இருக்கிறது: ஒரே பொருளை இரண்டு நிமிடத்தில் வரைவது, அப்புறம் ஒரு நிமிடம், அப்புறம் 30 நொடி, 15 நொடி, 5 நொடி. ஐந்து நொடியில் எல்லாருடைய வாளியும் ஒரே மாதிரி இருந்தது, என்னுடையது உட்பட. அறையில் சிரிப்பு கிளம்பியது. அதற்குப் பிறகு யாரும் வரைய வராது என்று சொல்லவில்லை.

ஒரே தாளில் எட்டுப் பக்க ஸீன். தாளை நீளவாக்கில் ஒரு முறை, குறுக்கே இரண்டு முறை மடித்தால் எட்டுக் கட்டம் வரும். விரித்து, நடுக்கோட்டில் மத்தியில் இருக்கும் இரண்டு கட்டங்களின் அளவுக்கு மட்டும் வெட்ட வேண்டும். மறுபடி நீளவாக்கில் மடித்து இரண்டு ஓரத்தையும் உள்நோக்கித் தள்ளினால் நடுவில் பிரிந்து சின்னப் புத்தகமாக மடங்கிக்கொள்ளும். பின் அடிக்க வேண்டியதில்லை. மேசை இல்லாவிட்டால் தொடைமேல் வைத்தே செய்யலாம்.

வந்தவை எதுவும் நான் நேர்காணலில் கேட்டவை அல்ல. ஒருவருடைய ஸீனில் ஆளே இல்லை, ஒலிகள் மட்டும்: லிஃப்ட் மணி, தள்ளுவண்டிச் சக்கரம் கீச்சிடுவது, ஒரு நோயாளியின் இருமல். எழுத்தின் பருமனை வைத்து எது தூரம், எது பக்கம் என்று காட்டியிருந்தார். இன்னொருவர் எட்டுப் பக்கமும் ஒரே கதவை வரைந்தார். திறப்பின் அளவு மட்டும் மாறிக்கொண்டே போனது.

ஆனால் படத்தை மட்டும் சேகரித்துக்கொண்டு வந்து பொருள் சொல்லக் கூடாது. அந்தக் கதவு பயம் என்று எழுதியிருப்பேன். அவர் வரையும்போது பேசியது பதிவில் இருந்தது: வீட்டுக்குப் போகும் நேரம் நெருங்குகிறது என்று அவருக்குத் தெரிவது அந்தக் கதவிடுக்கில் வரும் வெளிச்சத்தை வைத்துத்தானாம். எனவே ஸீன் செய்யும்போது நடக்கும் பேச்சைப் பதிவு செய்யுங்கள். ஸீனைவிட அது முக்கியம் என்றுகூடச் சொல்வேன்.

மார்ச் 3, கொஞ்சம் கழித்து

ஸீனைவிட முக்கியம் என்பது அதிகப்படி. பேச்சு இல்லாமல் கதவைத் தப்பாகப் படித்திருப்பேன், சரி. கதவு இல்லாமல் அந்தப் பேச்சே வந்திருக்காது.

மார்ச் 4

மடிப்பு பற்றி இரண்டு திருத்தம். ஒன்று, விரித்த தாளில் ஒரு வரிசை தலைகீழாக வரும். எனவே முதலில் மடித்து, பக்க எண் போட்டுவிட்டு, அப்புறம் வரையச் சொல்லுங்கள். இரண்டு, ஜெராக்ஸ் எந்திரம் தாளின் விளிம்பைப் பிடிக்காது. சுற்றிலும் அரை அங்குலமாவது விடுங்கள். பென்சில் சரியாக விழாது, கறுப்பு ஸ்கெட்ச் பேனா நல்லது.

மார்ச் 10

தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம்.

முகத்தை மாற்றி வரைந்துவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்றுதான் நானும் நம்பினேன். வட்ட முகம், இரண்டு புள்ளிக் கண். நெறிமுறைக் குழுவும் அதற்குத்தான் ஒப்புதல் தந்தது. ஆனால் என் ஆய்வில் காட்டிக்கொடுப்பது முகம் இல்லை, இடம். அந்த மூட்டைகள் இருக்கும் மூலையை உள்ளபடி வரைந்தால், அங்கே வேலை செய்யும் எவருக்கும் எந்தத் தளம், எந்த மூலை என்று தெரிந்துவிடும். ஆய்வேடு பொது நூலகத்தில் இருக்கும். மறுநாளே மூட்டைகளை வேறிடத்துக்கு மாற்றச் சொல்லிவிடுவார்கள். அவர்கள் உட்கார இருந்த ஒரே இடமும் போகும். என் ஆய்வின் முக்கியமான கண்டுபிடிப்பு எதுவோ, அதையே நான் காட்ட முடியாது.

அக்காவிடமே கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "துணியை வரைங்க, சுவரை வரையாதீங்க" என்றார். அப்படியே செய்தேன். அந்தப் பக்கத்தில் விரிப்பின் மடிப்புகள் மட்டும், பக்கம் முழுக்க. அதன் நடுவில் ஒரு கை. இடம் என்று எதுவும் இல்லை.

ஸீனில் இது இன்னும் கூர்மையானது. கையெழுத்தே அடையாளம். ஒன்பது பேரில் இரண்டு பேர், ஸீன் ஒரு பக்கம் மட்டும் அச்சாகும் என்று தெரிந்துகொண்டு, தாளின் உள்பக்கத்தில், மடித்தால் தெரியாத பக்கத்தில், ஏதோ எழுதினார்கள். படியெடுக்கும்போது வெளிப்பக்கத்தை மட்டும் எடுக்கச் சொன்னார்கள். அந்த உள்பக்கங்களை நான் படிக்கவில்லை. ஒரு தாளுக்குள்ளேயே சொல்வதற்கு ஓர் இடமும் சொல்லாமல் வைப்பதற்கு ஓர் இடமும் அவர்களே கண்டுபிடித்தார்கள். ஒப்புதல் படிவத்தில் அப்படி ஓர் ஏற்பாட்டை நான் யோசித்திருக்கவே இல்லை.

ஸீன் சேகரிக்கும் நூலகர்கள் 2015இல் தங்களுக்கென ஒரு நெறிமுறைத் தொகுப்பு எழுதினார்கள். கையால் கொடுக்க என்று செய்ததை இணையத்தில் போடுமுன் செய்தவரின் அனுமதியை நாட வேண்டும் என்பது அதில் வரும் முக்கியமான கவலைகளில் ஒன்று. ஆய்வாளர்களுக்கும் அது பொருந்தும். ஐம்பது பேர் கையில் போகட்டும் என்று சம்மதித்தவர், தேடுபொறியில் வரட்டும் என்று சம்மதித்ததாக ஆகாது. படிவத்தில் இவை இரண்டையும் தனித்தனி வரியாகக் கேளுங்கள்.

மார்ச் 11

"இடத்தைக் காட்டாவிட்டால் அப்புறம் சான்று எங்கே?" சான்று நேர்காணல் பதிவில் இருக்கிறது, தேர்வாளர்கள் கேட்டால் என் குறிப்பேட்டைப் பார்க்கலாம். பக்கத்தில் இருக்க வேண்டியது வாதம் மட்டும். இதில் இன்னும் எனக்கு முழு நிம்மதி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுவரோடு வரைந்த பழைய பக்கம் இதைவிட வலுவாக இருந்தது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

மார்ச் 24

கடைசியாக ஒன்று. பிப்ரவரி 7இல் கையெழுத்துப் பத்திரிகை திரும்பி வரும், ஸீன் எங்கேயோ போய்விடும் என்று எழுதினேன். எப்போதும் அப்படி இல்லை.

ஒன்பது பேரும் சேர்ந்து பொதுவாக ஒரு ஸீன் செய்தார்கள். 60 படி எடுத்தோம். எல்லாருடைய சம்மதத்தோடும் கொஞ்சம் படிகளை அவர்கள் உடை மாற்றும் அறையில் வைத்தார்கள். ஆறு வாரம் கழித்து அக்கா ஒரு படியைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்பக்கத்தில் யாரோ பால்பாயின்ட் பேனாவால் ஒரு வரைபடம் போட்டிருந்தார்கள். முழுத் தளம். அதில் ஐந்து இடத்தில் சின்னப் பெருக்கல் குறி. ஒன்று மட்டும்தான் எனக்குத் தெரிந்த மூலை.

போட்டவர் யாரென்று தெரியாது. ஒன்பது பேரில் ஒருவர் இல்லை. சம்மதம் வாங்காத ஒருவர் கொடுத்த சான்றை ஆய்வில் சேர்க்க முடியாது, நெறிமுறைக் குழுவிடம் கேட்டபோதும் அதே பதில்தான். இரண்டு நாள் அதை உறையில் போட்டு மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். இந்தப் படம் எனக்கு வந்த பதிலா என்று அக்காவிடம் கேட்டேன்.

"உங்களுக்கு இல்ல தம்பி. புதுசா ஷிப்டுக்கு வர்றவங்களுக்கு."

மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன். படி எடுக்கவில்லை.